பிஃபாஸைப் பிடிக்கும் மாவுச்சத்துக் கிண்ணம்: ஒரு வேதியியல் ஆய்வகத்தின் வழியே ஒரு விளக்கம்

பிஃபாஸ் எனப்படும் "அழியா வேதிப்பொருட்கள்" பற்றி இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வருகின்றன. தண்ணீரிலிருந்து அவற்றை உறிஞ்சி எடுக்கும் புதுப் பொருள் வந்துவிட்டது என்பது ஒன்று. காஸ்டிக் சோடாவைக் கொண்டே அவற்றை உடைத்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மையென்றால் அமெரிக்க நகரங்களின் குடிநீர் அமைப்புகள் இன்னும் ஏன் திணறுகின்றன என்ற கேள்வி படிப்பவருக்கு எழுவது இயல்பு.

இந்த இரண்டு வகைச் செய்திகளிலும் அடிக்கடி வரும் பெயர் பேராசிரியர் வில்லியம் டிக்டெல். பிடிக்கும் வேலைக்கு அடித்தளமிட்ட ஆய்வு 2016-இல் அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது வந்தது. இரண்டாவது 2022-இல், இலினாய் மாநிலம் எவன்ஸ்டனிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பிடிப்பதும் ஒழிப்பதும் வேதியியலில் இரு வேறு வேலைகள். ஒன்றைத் தொடங்கியவருக்கே மற்றதை எட்ட ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்கான காரணம் புரிந்தால் செய்திகளில் உள்ள குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

பிஃபாஸ்: தலையும் வாலும்

பிஃபாஸ் ஒரே பொருளின் பெயர் இல்லை, ஆயிரக்கணக்கான சேர்மங்கள் அடங்கிய குடும்பத்தின் பெயர். அதிகம் பேசப்படும் பிஎஃப்ஓஏ-வை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு கார்பன்கள் உண்டு. ஏழு கார்பன்களைச் சுற்றி 15 ஃப்ளூரின் அணுக்கள் அடைந்திருக்கின்றன. அது வால். எட்டாவது கார்பன் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதியாக முனையில் நிற்கிறது. அது தலை. தண்ணீரில் தலை எதிர்மின் சுமையோடு இருக்கும், தண்ணீரை விரும்பும். வாலோ தண்ணீரையும் ஒட்டாது, எண்ணெயையும் ஒட்டாது. ஒட்டாத வாணலிப் பூச்சுத் தயாரிப்பிலும், எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையிலும், கறை பிடிக்காத துணியிலும் இந்தக் குடும்பம் நுழைந்தது இந்தக் குணத்தால்தான்.

கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 485 கிலோஜூல் ஆற்றல் தேவை. கரிம வேதியியலில் இதைவிட வலுவான ஒற்றைப் பிணைப்பைக் காண்பது அரிது. பாக்டீரியாவோ சூரிய ஒளியோ குளோரினோ இதை அசைப்பதில்லை. கூடவே, வால் முழுவதும் ஃப்ளூரின் போர்த்தியிருப்பதால் தாக்க வரும் வேதிப்பொருளுக்குக் கார்பனைத் தொடவே வழி கிடைப்பதில்லை. பிணைப்பின் வலிமையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இந்தப் போர்வையைப் பற்றி எழுதுபவர் குறைவு. கடைசியில் தீர்வுக்கு வழிவிட்டது போர்வை இல்லாத இடம்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 டிசம்பரில் பிஎஃப்ஓஏ-வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. இதன் உறவான பிஎஃப்ஓஎஸ் 2009-லும், பிஎஃப்ஓஏ 2019-லும், எளிதில் அழியாத நச்சுப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலுக்குள் வந்தன.

4 நானோகிராம் என்றால் எவ்வளவு?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில் குடிநீரில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு விதித்தது. இந்த இரண்டின் வரம்பையும் தக்கவைத்து, நிறைவேற்றும் கெடுவை 2029-இலிருந்து 2031-க்குத் தள்ளப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தது. வேறு சில பிஃபாஸ்களுக்கு விதித்த வரம்புகளைத் திரும்பப் பெறப்போவதாகவும் அப்போது சொன்னது.

இந்த அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கலின் பருமன் தெரியும்.

1. பிஎஃப்ஓஏ-வின் மூலக்கூறு எடை 414. ஒரு லிட்டரில் 4 நானோகிராம் என்பது ஏறத்தாழ 10 பிகோமோல், அதாவது 6 லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவான மூலக்கூறுகள்.

2. அது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அதே லிட்டரில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 6 லட்சம் கோடி தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு பிஎஃப்ஓஏ.

3. தண்ணீர் மட்டும் போட்டியில்லை. ஆற்றுநீரில் மக்கிய இலை, மண் ஆகியவற்றிலிருந்து கரைந்த கரிமப் பொருள் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். எடைக் கணக்கில் அது பிஎஃப்ஓஏ-வைப் போல 5 லட்சம் மடங்கு.

தண்ணீரை வடிகட்டப் பரவலாகப் பயன்படும் கிளர்வூட்டிய கரிக்கு மூன்றாவது எண்தான் எமன். கரியின் ஒரு கிராமில் 500 முதல் 1500 சதுர மீட்டர் வரை உட்பரப்பு உண்டு. நீர்வெறுக்கும் எதையும் அது இழுத்துக்கொள்ளும். ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியாது. மக்கிய இலையின் பெரிய மூலக்கூறுகள் நுண்துளைகளின் வாயை அடைத்துவிட்டால், பிஃபாஸுக்கு இடமில்லாமல் போகும். முதலில் தப்புவது வால் குட்டையான பிஃபாஸ்கள். கரியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கழற்றி, பல நூறு டிகிரி சூட்டில் உலையில் வேகவைக்க வேண்டும்.

ஆக, தேவைப்படுவது அதிகப் பரப்பு அல்ல. ஆளறிந்து பிடிக்கும் பொருள்.

மூலக்கூறு இனங்காணல்

ஒரு மூலக்கூறு இன்னொன்றை அளவாலும் வடிவாலும் மின்சுமையாலும் அடையாளம் கண்டு, வேதிப்பிணைப்பு போடாமலேயே பற்றிக்கொள்வதை மூலக்கூறு இனங்காணல் என்கிறோம். பற்றுவது ஏற்பி. பற்றப்படுவது விருந்தாளி. பிணைப்பு இல்லாததால், சூழலை மாற்றினால் விருந்தாளியை வெளியே அனுப்பிவிடலாம். வடிகட்டிக்கு இந்த இரண்டாவது பாதிதான் உயிர்.

செயற்கை ஏற்பிகளின் கதை 1967-இல் டூபாண்ட் நிறுவனத்தின் சார்லஸ் பெடர்சன் வெளியிட்ட கிரௌன் ஈதர்களில் தொடங்குகிறது. ஆறு ஆக்சிஜன்கள் கொண்ட வளையம் பொட்டாசியம் அயனியைச் சரியான அளவில் நடுவில் உட்கார வைத்தது. பெடர்சன், டொனால்ட் கிராம், ழான்-மாரி லேன் மூவருக்கும் 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண் இணைவு மாறிலி. கணக்கு எளிதாக இருக்க, அது ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 மைக்ரோமோல் ஏற்பி போட்டால் விருந்தாளியில் பாதி பிடிபடும். விருந்தாளி எத்தனை குறைவாக இருந்தாலும் பாதிதான். 99 சதவீதம் பிடிக்க வேண்டுமென்றால் ஏற்பியை 99 மடங்கு கூட்ட வேண்டும். கொஞ்சம் போல இருக்கும் நஞ்சைப் பிடிக்கக் கொஞ்சம் ஏற்பி போதும் என்ற எண்ணம் இங்கே அடிபடுகிறது. நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, பிடி எவ்வளவு இறுக்கம் என்பதே தேவையான ஏற்பியின் அளவைத் தீர்மானிக்கிறது.

கிண்ணம்: பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின்

டிக்டெல் எடுத்துக்கொண்ட ஏற்பி புதிதல்ல. 1891-இலேயே வில்லியர்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கவனித்த பொருள். மாவுச்சத்தின் மீது ஒரு நொதியைச் செயல்பட வைத்தால், நீளச் சங்கிலி அறுந்து குளுக்கோஸ் அலகுகள் வளையமாகச் சேரும். ஆறு அலகு சேர்ந்தால் ஆல்ஃபா, ஏழு சேர்ந்தால் பீட்டா, எட்டு சேர்ந்தால் காமா.

பீட்டா வளையம் அடியில்லாத கிண்ணம் போல இருக்கும். ஒரு வாய் அகலம், இன்னொரு வாய் குறுகல். விளிம்புகளில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்பதால் வெளிப்புறம் தண்ணீரோடு ஒட்டும். உட்சுவர் நீர்வெறுக்கும். உள்ளளவு 0.6 முதல் 0.65 நானோமீட்டர். ஃப்ளூரின் போர்த்திய வால் சாதாரண ஹைட்ரோகார்பன் வாலைவிடத் தடிமனானது. ஆல்ஃபாவுக்குள் நெருக்கடி, காமாவுக்குள் தொளதொள, பீட்டாவுக்குள் கச்சிதம். உள்ளே சிறைப்பட்டிருந்த தண்ணீர் மூலக்கூறுகள் வெளியேற, அந்த இடத்தில் வால் அமர்கிறது.

ஒரே குறை, கிண்ணம் தண்ணீரில் கரையும். அறை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 18.5 கிராம். கரைந்த கிண்ணம் விருந்தாளியைப் பிடித்தாலும் இரண்டும் சேர்ந்தே தண்ணீரில் மிதக்கும், வடிகட்ட எதுவும் இருக்காது. கிண்ணங்களை ஒன்றோடொன்று கட்டிக் கரையாத திண்மமாக்க வேண்டும்.

பழைய முறையில் எபிகுளோரோஹைட்ரின் என்ற சேர்மத்தைக் கொண்டு கட்டினார்கள். வந்த பொருளில் துளைகள் இல்லை. உள்ளே இருக்கும் கிண்ணங்களுக்கு விருந்தாளி போய்ச் சேரவே நேரம் பிடித்தது.

2016: கட்டும் கயிறை மாற்றியது

டிக்டெலின் முந்தைய பயிற்சி இங்கே கைகொடுத்தது. முனைவர் பட்டம் பெர்க்லியில், பலபடி (பாலிமர்) வேதியியலாளர் ழான் ஃபிரெஷேயிடம். அதன் பிறகு ஃபிரேசர் ஸ்டாடர்ட், ஜேம்ஸ் ஹீத் ஆகியோருடன் ஆய்வு. 2008 முதல் கார்னெலில் அவர் பெயர் பெற்றது கோவேலன்ட் கரிமச் சட்டகங்கள் என்ற துளை நிறைந்த பொருட்களில். 2015-இல் மக்ஆர்தர் நல்கை கிடைத்ததும் அதற்காகவே. துளையுள்ள பலபடியைக் கட்டத் தெரிந்தவர் கையில் ஏற்பி கிடைத்தபோது, பிடிக்கும் மூலக்கூறை மாற்றாமல் கட்டும் கயிறை மாற்றினார். முன்னேற்றம் அதில்தான் இருக்கிறது.

செய்முறையின் சுருக்கம் இது. டெட்ராஃப்ளூரோடெரிஃப்தலோநைட்ரைல் என்ற விறைப்பான, தட்டையான மூலக்கூறைப் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினோடு கரைப்பானில் சேர்த்து, பொட்டாசியம் கார்பனேட் போட்டுச் சூடாக்குகிறார்கள். கிண்ணத்தின் ஹைட்ராக்சில், கயிற்றில் உள்ள ஃப்ளூரினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பிணைகிறது. கயிறு மடங்காது என்பதால் கிண்ணங்கள் நெருங்கிப் படியாமல் இடைவெளி விட்டு நிற்கின்றன. அந்த இடைவெளிகளே துளைகள்.

பலன் நேச்சர் இதழில் 2016 ஜனவரியில் வந்தது. கிராமுக்கு 263 சதுர மீட்டர் பரப்பு. கரியோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் பிஸ்ஃபீனால்-ஏ என்ற மாசு, பிடிபட வேண்டிய மொத்த அளவில் 95 சதவீதம் வெறும் 10 நொடியில் பிடிபட்டது. பிடிக்கும் வேகம் கரியையும் பழைய சைக்ளோடெக்ஸ்ட்ரின் பொருட்களையும்விட 15 முதல் 200 மடங்கு வரை அதிகம். அறை வெப்பத்தில் மெத்தனாலால் அலசினாலே மாசு வெளியேறி, பொருள் மறுபடி வேலைக்குத் தயாராகிவிடுகிறது. உலை தேவையில்லை.

இந்தக் கட்டுரை பேசியது மருந்து, பூச்சிக்கொல்லி, பிளாஸ்டிக் சேர்மங்கள் பற்றி. பிஃபாஸ் பற்றி அல்ல. அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், அந்தப் பொருளே பிஃபாஸையும் தீர்க்கும் என்று எடுத்துக்கொள்வது தவறு.

பிடிக்காமல் போனது ஏன்?

கிண்ணத்தின் அளவு சரி, வாலின் தடிமன் சரி. ஆனாலும் முதல் பலபடி பிஎஃப்ஓஏ-விடம் தடுமாறியது. காரணம் கிண்ணத்தில் இல்லை, கயிற்றில் இருந்தது.

1. பலபடி உருவாகும்போது ஒரு பக்க வினை நடக்கிறது. கயிற்றின் சில ஃப்ளூரின்கள் இருந்த இடத்தில் கிண்ணத்துக்குப் பதிலாக வெறும் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்து, பீனோலேட் தொகுதி உருவாகிறது.

2. பீனோலேட் எதிர்மின் சுமை கொண்டது. பலபடி முழுவதும் அது தூவிக் கிடக்கிறது.

3. பிஎஃப்ஓஏ-வின் தலையும் எதிர்மின் சுமை கொண்டது. ஒன்றையொன்று தள்ளுகின்றன. வால் உள்ளே போகத் துடித்தாலும் தலை வாசலில் தடுக்கப்படுகிறது.

4. அதே காரணத்தால் நேர்மின் சுமையுள்ளவை நன்றாகப் பிடிபடுகின்றன. ஈயத்தையும் இந்தப் பலபடி பிடிப்பதை டிக்டெல் குழு 2018-இல் காட்டியது.

தோல்வியைத் துருவிப் பார்த்ததால் கிடைத்த இந்த விளக்கம், என் கணிப்பில், 10 நொடி சாதனையைவிடப் பெரியது. இரண்டு திருத்தங்கள் இதிலிருந்து பிறந்தன. ஒன்று, கயிறாக டெக்காஃப்ளூரோபைஃபீனைல் போடுவது. 2017-இல் வெளியான இந்தப் பலபடி, லிட்டருக்கு 1 மைக்ரோகிராமாக இருந்த பிஎஃப்ஓஏ-வை 10 நானோகிராமுக்குக் கீழே கொண்டுவந்தது. இரண்டாவது திருத்தம் 2019-இல் வந்தது. பழைய பலபடியையே எடுத்து, அதன் நைட்ரைல் தொகுதிகளை ஒடுக்கி அமீனாக மாற்றினார்கள். அமீன் தண்ணீரில் நேர்மின் சுமை ஏற்கும். அதே சட்டகம், அதே கிண்ணம். ஆனால் விருப்பம் தலைகீழாக மாறி, எதிர்மின் சுமையுள்ள பிஃபாஸ்களை இழுக்கத் தொடங்கியது.

ஆகவே பிஃபாஸைப் பிடிப்பது கிண்ணம் மட்டும் அல்ல. வாலுக்குக் கிண்ணம், தலைக்கு நேர்மின் சுமை என்று இரண்டு பிடியும் வேண்டும். நான்கு கார்பன் மட்டுமே உள்ள குட்டை வால் பிஃபாஸ்களில் கிண்ணத்தின் பிடி தளர்வதால், சுமையின் பங்கு கூடிவிடுகிறது. எந்த வடிகட்டி விளம்பரத்திலும் "பிஃபாஸ் நீக்கும்" என்ற வரியைக் கண்டால், குட்டை வாலுக்கான எண் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2022: தலையை வெட்டிய வேதியியல்

பிடித்தாயிற்று. மெத்தனாலால் அலசியாயிற்று. இப்போது லட்சக்கணக்கான லிட்டரில் பரவியிருந்த பிஃபாஸ், சில லிட்டர் கரைசலில் அடர்ந்து நிற்கிறது. அதைக் குப்பைக்கிடங்கில் கொட்டினால் மழையோடு நிலத்தடி நீருக்கே திரும்பும். போதிய சூடில்லாத எரியுலையில் போட்டால் அரைகுறையாக எரிந்து காற்றில் கலக்கும். பிடிப்பவர்கள் எல்லோரும் வந்து முட்டி நிற்கும் சுவர் இது.

2022 ஆகஸ்டில் சயன்ஸ் இதழில் டிக்டெல் குழு காட்டிய வழி போர்வையைத் தொடவில்லை. போர்வை இல்லாத ஒரே இடமான தலையைத் தொட்டது.

1. பிஎஃப்ஓஏ போன்ற கார்பாக்சிலிக் வகைகளை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த கலவையில் காஸ்டிக் சோடாவோடு சேர்த்துச் சூடாக்குகிறார்கள். 80 முதல் 120 டிகிரி செல்சியஸ் போதும்.

2. தலை கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று விழுகிறது. வெறும் தண்ணீரில் இது இவ்வளவு சுலபத்தில் நடக்காது. டிஎம்எஸ்ஓ எதிர்மின் சுமையுள்ள தலையை நன்றாகப் போர்த்திப் பாதுகாப்பதில்லை என்பதால் அது நிலைகுலைகிறது.

3. தலையிழந்த வால் எதிர்மின் அயனியாக நிற்கிறது. நிற்க முடியாமல் ஒரு ஃப்ளூரைடை உதறிவிட்டு இரட்டைப் பிணைப்பு கொண்ட சேர்மமாகிறது.

4. அந்த இரட்டைப் பிணைப்பை ஹைட்ராக்சைடு தாக்குகிறது. அதற்குப் பிறகு சங்கிலி சரிந்துகொண்டே போகிறது.

24 மணி நேரத்துக்குள் 78 முதல் ஏறத்தாழ 100 சதவீதம் வரை ஃப்ளூரின், ஃப்ளூரைடு அயனியாக வெளிவந்தது. பிஃபாஸ் ஒவ்வொரு கார்பனாகக் குறுகித்தான் சிதையும் என்று அதுவரை பலர் எழுதிவந்தார்கள். கிடைத்த துண்டுகள் அதோடு ஒத்துப்போகவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் கென்டல் ஹௌக் போன்ற கணிப்பு வேதியியலாளர்களோடு சேர்ந்து போட்ட கணக்கு, வேறு பாதையைக் காட்டியது.

இதைக் குழாய்த் தண்ணீரில் காஸ்டிக் சோடா போட்டுச் செய்யும் வேலையாக எண்ணிவிடக் கூடாது. வினை நடப்பது டிஎம்எஸ்ஓ-வில். நகரத்தின் குடிநீரை அதில் கலக்க முடியாது. முதலில் பிடித்து அடர்த்தியாக்கினால்தான் இரண்டாவது படிக்கே இடமுண்டு. பிஎஃப்ஓஎஸ் இந்த முறைக்கு மசியவில்லை என்பது அடுத்த தடை. அதன் தலை சல்ஃபோனேட், கார்பாக்சில் போலக் கழன்று விழாது. தீயணைப்பு நுரையால் கெட்ட விமானத்தளங்களின் நிலத்தடி நீரில் முன்னிற்பது பிஎஃப்ஓஎஸ்தான் என்பதால், இது சின்னக் குறை அல்ல. கட்டுரையிலேயே அவர்கள் இதைத் திறந்து சொல்லியிருக்கிறார்கள்: மற்ற வகைத் தலைகளைத் தூண்டிவிடும் வழி கிடைத்தால் இந்த முறை நீளும்.

வீட்டுத் தண்ணீருக்கு இதிலிருந்து தெரிவது

கொதிக்க வைத்தால் பிஃபாஸ் போகாது. தண்ணீர் ஆவியாவதால் மிஞ்சியதில் அடர்த்தி சற்றுக் கூடும். புறஊதா விளக்கு கிருமியைக் கொல்லும், கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பை ஒன்றும் செய்யாது. ஆர்ஓ சவ்வு பிஃபாஸைப் பெருமளவு தடுக்கும். ஆனால் தடுத்தது கழிவுக் குழாய் வழியே அடர்த்தியாக வெளியே போகிறது; பிடித்தாயிற்று, ஒழிக்கவில்லை என்ற அதே நிலை. கரி வடிகட்டி புதிதாக இருக்கும்போது நீள வால் பிஃபாஸ்களைப் பிடிக்கும். மாற்றாமல் விட்டால் எந்த நாளில் கைவிட்டது என்பது சுவையிலும் தெரியாது, நிறத்திலும் தெரியாது.

டிடிஎஸ் மீட்டரிலும் தெரியாது. அது காட்டுவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்த உப்பு. 4 நானோகிராம் என்பது அதன் கடைசி இலக்கத்தில் 2.5 லட்சத்தில் ஒரு பங்கு. மீட்டர் 50 காட்டினாலும் 500 காட்டினாலும் பிஃபாஸ் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அளக்க நிறைநிறமாலை பொருத்திய திரவ நிறப்பகுப்புக் கருவி வேண்டும். அமெரிக்க முகமையின் 537.1 முறையில் 250 மில்லிலிட்டர் நீரை, பிஃபாஸைப் பிடிக்கும் திண்மப் பொருள் நிரப்பிய குழாய் வழியே ஓட்டி, பிடிபட்டதை 1 மில்லிலிட்டருக்குச் சுருக்குகிறார்கள். 250 மடங்கு அடர்த்தியாக்கிய பிறகே கருவிக்குள் செலுத்துகிறார்கள். மாதிரி எடுக்கும் இடத்திலேயே முடிவு கெட்டுப்போக வாய்ப்புண்டு. கண்ணாடிச் சுவரில் பிஃபாஸ் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டலாம். டெஃப்லான் பூசிய மூடியோ குழாயோ இருந்தால் அதிலிருந்தே பிஃபாஸ் கசிந்து கூட்டிக் காட்டலாம். ஆகவே பாலிபுரோப்பிலீன் குப்பி, அதே பொருளில் மூடி, கூடவே அதே நாளில் பிஃபாஸ் இல்லாத நீரை அதே போல் ஊற்றி எடுத்த ஒரு வெற்று மாதிரி. ஆய்வறிக்கை கைக்கு வந்தால் அந்த வெற்று மாதிரியின் எண்ணை முதலில் படியுங்கள். அது சுழிக்கு அருகில் இல்லையென்றால் மற்ற எண்களை நம்ப முடியாது.